ரெண்டு பக்கமும் நம்ம பிள்ளைங்கன்னா அம்மா எங்க உட்காருவா?

வணக்கம் மக்களே. இன்னைக்கு கேமராவ சாப்பாட்டு மேசை மேலயே வெச்சுட்டேன். கையில வேலை இருக்கு, தைச்சுக்கிட்டே பேசப் போறேன். இது பெரியவனோட ஜெர்சி, போன வருஷத்தது, நீலம், நம்பர் 8. இது சின்னவனோடது, ஆரஞ்சு, நம்பர் 14. ரெண்டையும் நடுவுல வெட்டி ஒரே சட்டையா தைக்கணும். வர்ற சனிக்கிழமை எங்க ஊர் ஃப்ளாக் ஃபுட்பால்ல ரெண்டு பேரும் எதிரெதிர் டீம். ஒரு வயசுதான் வித்தியாசம், அதனால ஒரே பிரிவு. ஃப்ளாக் ஃபுட்பால்னா ஆளப் புடிச்சுக் கீழ தள்றது கிடையாது, இடுப்புல தொங்குற துணிப்பட்டைய உருவிட்டா ஆட்டம் அங்கயே நின்னுடும். அந்த ஒரு தைரியத்துலதான் நானும் சேர்த்து விட்டேன்.

நேத்து ராத்திரி சின்னவன் கேட்டான், "அம்மா, நீ எந்தப் பக்கம் உட்காருவ?"ன்னு. எனக்குச் சட்டுன்னு பதில் வரல. அவன் தூங்கினப்புறம் ரொம்ப நேரம் முழிச்சுக்கிட்டிருந்தேன். இதே கேள்வி எனக்கு முன்னாடி ரெண்டு அம்மாக்களுக்கு வந்திருக்கு, இந்த நாடே டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கும்போது. அவங்களப் பத்திப் பேசணும்னுதான் இந்த வீடியோ.

முதல்ல ஜாக்கி ஹார்பா. ரெண்டு பையன், ஒரு பொண்ணு. பையன்க ரெண்டு பேரும் இதே ஓஹாயோவுல டொலீடோவுல பொறந்தவங்க, நாங்க இருக்குற கிளீவ்லேண்ட் பக்கத்துலேர்ந்து ரெண்டு மணி நேரக் கார்ப் பயணம். பெரியவர் ஜான், 1962. சின்னவர் ஜிம், 1963. பதினஞ்சு மாசம்தான் வித்தியாசம். அப்பா ஜாக் காலேஜ் டீம்களுக்குக் கோச். எங்க வேலை கெடைக்குதோ அந்த ஊருக்குக் குடும்பமே மூட்டை கட்டும். அந்த வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. "நம்மள விட யாருக்கு நல்லா அமைஞ்சிருக்கு?"ன்னு அப்பா கேப்பாரு, பசங்க "யாருக்கும் இல்ல!"ன்னு கத்தணும். பெரிய காசு பணம் இல்லாத வீடுதான். ஆனாலும் கத்தணும். ஜிம் பின்னாடி தன் டீம் பசங்களையும் அதையே கத்த வெச்சாரு.

ஜிம் குவார்ட்டர்பேக்கா, அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்த நடத்துறவரா, என்எஃப்எல்ங்கிற அமெரிக்க ஃபுட்பாலோட பெரிய லீக்ல பல வருஷம் ஆடினாரு. ஜான் அந்த அளவுக்கு ஆடல, காலேஜோட சரி. அங்கிருந்து நேரா கோச் வேலைதான். கடைசியில ரெண்டு பேரும் ஹெட் கோச் ஆனாங்க. அப்போ ஜான் பால்டிமோர் ரேவன்ஸுக்கு, ஜிம் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்கு.

2011 நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கு, அண்ணன் டீமும் தம்பி டீமும் மோதுச்சு. அண்ணன் தம்பி ஹெட் கோச்சா எதிரெதிரா நின்னது என்எஃப்எல் வரலாத்துலயே அதுதான் முதல் தடவை. 16-6ன்னு ஜான் ஜெயிச்சாரு. இந்த மேட்ச்ச யாருக்கும் இப்ப ஞாபகம் இருக்காது. எனக்கு ஞாபகம் இருக்குறது மேட்ச் முடிஞ்சப்புறம் நடந்தது. அப்பா ஜாக்கே பின்னாடி பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னதுதான்.

அப்பாவும் அம்மாவும் கீழ இறங்கி வந்து, முதல்ல ரேவன்ஸ் லாக்கர் ரூம் கதவைத் திறந்து பாக்குறாங்க. உள்ள ஒரே கொண்டாட்டம், குதிச்சுக்கிட்டிருக்காங்க. ஜான் முகமெல்லாம் சிரிப்பு. இங்க நமக்கு வேலையில்லன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுடுச்சு. கதவ மூடிட்டு நடையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போறாங்க. அங்க சத்தமே இல்ல. ஒரு அறையில ஜிம் தனியா இருக்காரு. பக்கத்துல ஒருத்தரும் இல்ல. நாம இருக்க வேண்டிய இடம் இதுதான்னு அப்பத்தான் புரிஞ்சுதுன்னாரு ஜாக்.

ஜெயிச்சவன ஊரே தூக்கி வெச்சுக்கும். தோத்தவன் கிட்டப் போய் நிக்குறதுக்குத்தான் வீடு வேணும். எனக்கு இந்த ஆட்டத்துல இருக்குற குடும்பக் கதைகள்ல பிடிச்சது எல்லாமே அந்த ரெண்டாவது கதவுக்குள்ள நடந்ததுதான்.

ஒண்ணேகால் வருஷத்துல அதே ரெண்டு டீம், இந்தத் தடவை சீசனோட இறுதிப் போட்டியான சூப்பர் பவுல்லயே. 2013 பிப்ரவரி 3, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். மேட்ச் டையில முடிஞ்சா நல்லா இருக்கும்னு அந்தம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. சூப்பர் பவுல் டையில முடியாது, யாராவது ஜெயிக்கிற வரைக்கும் ஆடியே ஆகணும். கோச்சோட பொண்டாட்டியா, ரெண்டு கோச்சுக்கு அம்மாவா இருக்குறவங்களுக்கு அது தெரியாம இருக்குமா? தெரிஞ்சுதான் கேட்டாங்க. பெத்த மனசு, நடக்காதுன்னு தெரிஞ்சதையும் ஒரு தடவை வாய் விட்டுக் கேக்கும்.

மேட்ச் பாத்தவங்களுக்குத் தெரியும். ரெண்டாவது பாதி தொடங்கின முதல் பந்தையே ரேவன்ஸ் ஆளு ஜேகோபி ஜோன்ஸ் 108 யார்டு ஓடிக் கொண்டு போனாரு. 28-6, ஜான் டீம் முன்னாடி. சரி, முடிஞ்சுதுன்னு நெனைச்சப்போ ஸ்டேடியத்துல பாதி விளக்கு அணைஞ்சுடுச்சு. 34 நிமிஷம் ஆட்டமே இல்ல. கரண்ட் வந்தப்புறம் ஜிம்மோட பசங்க விறுவிறுன்னு ஏறி வந்தாங்க பாருங்க! கடைசி மூணு நிமிஷத்துக்குள்ள, பாயிண்ட் எடுக்குற கோட்டுக்கு 7 யார்டு தூரத்துல, நாலு வாய்ப்பு கையில. நாலும் பலிக்கல. கடைசிப் பந்துல எங்க ஆளப் புடிச்சு இழுத்தாங்கன்னு ஜிம் ஓரத்துல நின்னு கத்தினாரு, நடுவர் கேக்கல. 34-31, ஜான் ஜெயிச்சாச்சு.

அப்புறம் அண்ணனும் தம்பியும் மைதானத்து நடுவுல சந்திக்கிறாங்க. தன் வாழ்க்கையிலயே கஷ்டமான நிமிஷம் அதுதான்னு ஜெயிச்ச ஜான் சொன்னாரு. கவனிங்க, சொன்னது ஜெயிச்சவரு. நான் அந்தக் காட்சிய எத்தனையோ தடவை பாத்திருக்கேன். கைய குடுத்துட்டு ஆளுக்கொரு பக்கம் போயிடறாங்க, சில நொடிதான்.

நூல் தீர்ந்துடுச்சு, ஒரு நிமிஷம்... ம், சரி.

அப்பா பேர், பையன் பேர்னு பேச ஆரம்பிச்சா எல்லாரும் மேனிங் குடும்பத்தைத்தான் சொல்வாங்க. அப்பா ஆர்ச்சி, பையன்க பெய்ட்டனும் ஈலையும். மூணு பேரும் குவார்ட்டர்பேக். ஆர்ச்சிய மிசிசிப்பிப் பக்கம் எப்படிக் கொண்டாடறாங்கன்னா, அவர் படிச்ச ஓல் மிஸ், அதாவது மிசிசிப்பி யூனிவர்சிட்டி வளாகத்துல வண்டி வேக வரம்பே மணிக்கு 18 மைல், அவரோட ஜெர்சி நம்பர். ஆனா நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்ல அவர் ஆடின காலம் பூரா டீம் தோத்துக்கிட்டே இருந்துச்சு, சீசன் கடைசியில வர்ற நாக்-அவுட் சுற்று, பிளேஆஃப், அது ஒரு தடவை கூடப் பாக்கல. பையன்க ஆளுக்கு ரெண்டு சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க.

நான் சொல்ல வந்தது அவங்க இல்ல. மூத்தவரு ஒருத்தர் இருக்காரு, கூப்பர். ஸ்கூல்ல அவர்தான் பந்தைப் புடிக்கிற ரிசீவர், தம்பி பெய்ட்டன் எறியறவரு. ஒரு சீசன் ரெண்டு பேரும் சேர்ந்து ஆடியிருக்காங்க. அப்பா படிச்ச அதே ஓல் மிஸ்ல ஆட கூப்பருக்கு இடமும் கெடைச்சாச்சு. அந்த நேரம் பாத்து வலது கை மரத்துப் போக ஆரம்பிச்சுது, பந்து நழுவுது. டாக்டர்கிட்ட போனா முதுகுத்தண்டுல நரம்பு போற வழி குறுகலா இருக்குன்னுட்டாங்க, ஸ்பைனல் ஸ்டெனோசிஸ். இனிமே ஒரு அடி கூடப் படக் கூடாது. பதினெட்டு வயசு. அதோட முடிஞ்சுது.

அப்போ கூப்பர் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினாரு. இனிமே என் ஆட்டத்த உன் மூலமாத்தான் ஆடப் போறேன்ங்கிற அர்த்தத்துல. இதப் படிச்ச அன்னைக்கு நான் அழுதுட்டேன், இப்பவும் தொண்டை அடைக்குது. அண்ணன் போட்டிருந்த 18-ஐ பெய்ட்டன் என்எஃப்எல்ல கடைசி வரைக்கும் போட்டாரு. 2012ல டென்வர் டீமுக்கு மாறினப்போ அங்க 18 ஏற்கனவே யாரும் போடக் கூடாதுன்னு ஓய்வு குடுத்து வெச்ச நம்பர், ஃபிராங்க் டிரிபக்காங்கிற பழைய குவார்ட்டர்பேக்கோடது. அந்தப் பெரியவரே "எடுத்துக்கோ, போட்டுக்கோ"ன்னு மனசு வெச்சு விட்டுக் குடுத்தாரு. இப்ப கூப்பரோட பையன் ஆர்ச், டெக்சாஸ் யூனிவர்சிட்டி குவார்ட்டர்பேக். தாத்தா பேரு, அப்பாவுக்குக் கெடைக்காத காலேஜ் மைதானம்.

இங்க ஒண்ணு நேர்மையாச் சொல்லணும். இந்தக் கதைகளுக்கு இன்னொரு முகமும் இருக்கு. கோச் வேலையில சொந்தபந்தம் ரொம்ப ஜாஸ்தி. ஷூலா வீட்டுல டான், அப்புறம் மகன்க டேவும் மைக்கும், இப்ப பேரன் கிறிஸ். கோச் மைக் ஷேனஹன் மகன் கைல் 2017ல ஹெட் கோச் ஆனாரு. பெரிய கோச் பில் பெலிச்செக்கோட மகன்க ரெண்டு பேரும் அப்பா டீம்லயே கோச்சா வேலை பாத்தவங்க. பெலிச்செக்கே சின்ன வயசுல, நேவி காலேஜ் டீம்ல வேலை பாத்த அப்பா பக்கத்துல உட்கார்ந்து எதிர் டீம் ஃபிலிம் பாத்துப் பாத்து வளர்ந்தவரு. வீட்டுல அப்படி ஒரு படிப்பு கெடைக்குது, அது உண்மை, அத நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா கதவும் அதே குடும்பப் பேருக்கு சீக்கிரம் திறக்குது. ஆடுறவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பினத்தவங்க, ஹெட் கோச்சுங்க வரிசையப் பாத்தா நெலைமை தலைகீழ். அப்பாக்கள் காலத்துல கறுப்பினத்தவங்களுக்கு கோச் வேலை கெடைக்கிறதே அபூர்வம், அப்புறம் மகனுக்கு எந்தப் பேரு கதவத் திறக்கும்? 2003ல ரூனி ரூல்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஹெட் கோச் எடுக்கும்போது சிறுபான்மையினர் ஒருத்தரையாவது நேர்காணல் பண்ணியே ஆகணும்னு. நேர்காணல் வேற, வேலை வேற. இதுல என் மனசு அவங்க பக்கம்தான்.

பேரும் சிபாரிசும் இல்லாம வந்த அண்ணன் தம்பிங்களும் உண்டு. ஃப்ளோரிடாவுல ஷகீல், ஷகீம் கிரிஃபின், ரெட்டைப் பசங்க. ஷகீமுக்கு இடது கை பொறக்கும்போதே சரியா வளரல, தாங்க முடியாத வலி, நாலு வயசுல எடுத்துட்டாங்க. ஷகீல மட்டும் கேட்டு காலேஜ்கள் வந்துச்சு. "ரெண்டு பேரையும் எடுத்தா வர்றேன்"னு நின்னாரு அவரு. சென்ட்ரல் ஃப்ளோரிடா யூனிவர்சிட்டி எடுத்துச்சு. 2017ல டிராஃப்ட்ல, அதாவது என்எஃப்எல் டீம்கள் காலேஜ் பசங்கள ரவுண்டு ரவுண்டா தேர்ந்தெடுக்குற நிகழ்ச்சியில, ஷகீல சியாட்டில் டீம் எடுத்தாங்க. அடுத்த வருஷம், ஒத்தக் கையோட, 40 யார்ட 4.38 நொடியில ஓடிக் காட்டின ஷகீமையும் அதே சியாட்டில் அஞ்சாவது ரவுண்டுல எடுத்துச்சு. அந்த வருஷம் முதல் மேட்ச்லயே ரெண்டு பேரும் ஒரே களத்துல.

இப்ப இந்தச் சட்டைக்கு வர்றேன். டானா கெல்சி, நம்ம கிளீவ்லேண்ட் ஹைட்ஸ்காரங்க. பெரியவன் ஜேசன் 2024ல ஓய்வு பெறுற வரைக்கும் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ், சின்னவன் டிராவிஸ் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ். டிராவிஸ் போடுற 87, அண்ணன் பொறந்த வருஷம். 2022 ஜனவரியில ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் பிளேஆஃப். ஒண்ணு டாம்பாவுல மத்தியானம், இன்னொண்ணு கேன்சஸ் சிட்டியில ராத்திரி. அந்தம்மா முதல் மேட்ச்ச பாத்துட்டு ஃப்ளைட் புடிச்சு ரெண்டாவதுக்கும் போய்ச் சேர்ந்தாங்க. அதுல ஜேசன் தோத்தாரு, டிராவிஸ் ஜெயிச்சாரு.

அடுத்த வருஷம் 2023 பிப்ரவரி 12, அரிசோனா கிளெண்டேல்ல, அண்ணனும் தம்பியும் எதிரெதிரா ஆடின முதல் சூப்பர் பவுல். டானா ரெண்டு டீம் நிறமும் பாதிப் பாதியாத் தைச்ச உடுப்புல வந்தாங்க. 38-35, டிராவிஸ் ஜெயிச்சாரு. அன்னைக்கு அந்தம்மா ஜேசனக் கட்டிப் புடிச்சுக்கிட்ட காட்சிய பாருங்க. ஆறடிக்கு மேல, தாடியோட, முப்பத்தஞ்சு வயசு ஆளு, அம்மா கைக்குள்ள சின்னப் புள்ள மாதிரி நிக்குறாரு.

சரி, இங்க பாருங்க, ஓரம் முடிஞ்சுது. இடது பக்கம் நீலம், வலது பக்கம் ஆரஞ்சு. நம்பர்தான் சரியா உட்காரல, 14-ல 1 தையலுக்குள்ள போயிடுச்சு, 4 மட்டும் தெரியுது. சின்னவன் பாத்தா கேப்பான். பிரிச்சு ஒரு விரல்கடை நகர்த்தி மறுபடி தைக்கணும். சனிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு.