காரை இறக்கணும்: ஏர் சஸ்பென்ஷனா, ஸ்பிரிங்கா?

வணக்கம் மக்களே. காரை லோ பண்ண ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை) போடலாமா, லோயரிங் ஸ்பிரிங் (குட்டையான ஸ்பிரிங்) போதுமா? இதுக்கு முதல்ல ஒண்ணு தெரியணும். இறக்கின பிறகு ஷாக் அப்சார்பர் உள்ள போக எவ்வளவு இடம் மிஞ்சும்?

அளக்குறது ரொம்ப சுலபம். ஷாக் ராடை மூடியிருக்குற ரப்பர் உறையை மேல தூக்கிட்டு, ராடுல ஒரு கேபிள் டை இறுக்கிக் கட்டி, ராடு உள்ள போற இடத்துல இருக்குற சீல் வரைக்கும் தள்ளி விடுங்க. ஆளுங்கள ஏத்திக்கிட்டு வழக்கமா போற ரோட்டுல, பள்ளம், ஸ்பீட் பிரேக்கர் எல்லாத்துலயும் ஓட்டிட்டு வாங்க. டை மேல நகர்ந்திருக்கும். அதுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் (ஷாக் முழுசா அமுங்கினா முட்டுற ரப்பர் கட்டை) நடுவுல இருக்குற இடைவெளிதான் உங்க கையிருப்பு. அங்க 25 மில்லிமீட்டர்தான் இருக்குன்னா, 40 இறக்கினா தடதடன்னு அடிக்கும். லோயரிங் ஸ்பிரிங்கை இறுக்கமா செய்யறதே இதை ஈடுகட்டத்தான்.

ஒரே உயரத்துல தினமும் ஓட்டப் போறீங்களா? யோசிக்கவே வேணாம், ஸ்பிரிங்தான். உயரத்தை நீங்களே செட் பண்ணணும்னா காயில்ஓவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேர்ந்த, திருகி உயரம் மாத்துற செட்). அதுலயும் கீழ் பாடி தனியா திருகுற மாதிரி வாங்குங்க, பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வச்சிருக்குற அளவு) மாறாம உயரம் மட்டும் மாறும். பழைய காயிலை வெட்டாதீங்க. ஜாக் போட்டுத் தூக்கினா வெட்டின ஸ்பிரிங் தளர்ந்து சீட்டை விட்டு நகர்ந்துடும்.

மாட்டும்போது பலர் விடுற தப்பு: லோயர் ஆர்ம் (வீலைத் தாங்குற கீழ்க் கை) ரப்பர் புஷ்ஷோட போல்ட்டை வண்டி தொங்கும்போதே முறுக்கிடறாங்க. ரப்பர் முறுக்கியே நின்னு சீக்கிரம் கிழியும். டயர் தரையில வெயிட் தாங்கின பிறகுதான் கடைசி டைட்.

ஏர் யாருக்கு? ராம்ப்ல தூக்கணும், நிறுத்தினா படுக்கணும், லோடு அடிக்கடி மாறும், இவங்களுக்கு. பேக் (காத்துப் பை), 12 வோல்ட் கம்ப்ரசர், டேங்க், வால்வு பிளாக் (பைக்குக் காத்தைத் திறந்து மூடுற வால்வுகள்), பைப், கண்ட்ரோலர்னு சாமான் நிறைய. கம்ப்ரசருக்கு ரிலே (பெரிய கரண்டை ஆன், ஆஃப் பண்ற ஸ்விட்ச்) வச்சு, பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் போடுங்க. பைப்பை கட்டர் வச்சு நேரா வெட்டணும். சாய்வா வெட்டினா ஃபிட்டிங் ஓ-ரிங்ல காத்து கசியும், கம்ப்ரசர் ஓயாம ஓடி சூடாகி சாகும். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. டேங்க்ல சேர்ற தண்ணிய அப்பப்ப வடிங்க.

பேக் எதுலயும் உரசக் கூடாது. முழுசா ஊதியும், முழுசா இறக்கியும், ஸ்டியரிங்கை ரெண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்க. வெறும் பிரஷரை மட்டும் பாத்து தானா சரிபண்ற கண்ட்ரோலரும் எனக்குப் பிடிக்காது. நாலு பேர் ஏறினா பேக்ல பிரஷர் கூடும், அது அதிகம்னு நினைச்சு காத்தை வெளியேத்திடும், வண்டி இன்னும் தாழ்ந்துடும். ஹைட் சென்சார் இருக்குற கிட் வாங்குங்க.

எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்பிரிங்னா கொஞ்சம் ஓட்டி அமர்ந்த பிறகு. ஏர்னா நீங்க ஓட்டப் போற உயரத்துல நிறுத்தி. கேம்பரை (வீல் மேல் பக்கம் உள்ள, வெளிய சாயுற கோணம்) விட டோ (வீல் முன்பக்கம் உள்ள, வெளிய திரும்புற கோணம்) தப்பினாதான் டயர் உள்பக்கம் வேகமா தேயும். ஹெட்லைட் லெவலையும் அப்பவே செட் பண்ணிடுங்க.