நான்கு நிறச் சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வேலையில் இருந்த காலத்தில் தேர்தல் அறிவிப்பு வந்தால் போதும், பின்னாலேயே எங்களுக்குத் தேர்தல் பணி ஆணை வந்துவிடும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி எல்லாவற்றுக்கும் வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணிக்கை மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். நான் பார்த்த வரையில் ஊர் ஜனங்கள் அதிக ஆசையோடு வருவது உள்ளாட்சித் தேர்தலுக்குத்தான். ஓட்டு அதிகமாக வீணாவதும் அதில்தான். அந்த வருத்தம்தான் என்னை இன்று இந்த ஒலிவாங்கி முன்னால் உட்கார வைத்திருக்கிறது.

முதலில் பெயர். "அட்டை இருக்கே சார்" என்பார்கள். வாக்காளர் அட்டை கையில் இருப்பது வேறு, வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது வேறு. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அதற்கென்று புதிதாக வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுவதில்லை. சட்டமன்றத் தேர்தலுக்கான பட்டியலை எடுத்து, அதில் உள்ளவர்களை வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆகவே அந்த மூலப் பட்டியலில் இல்லாதவர் இதிலும் இருக்கமாட்டார். 18 வயது நிறைந்த பிள்ளைகள் படிவம் 6 கொடுக்க வேண்டும். வீடு மாறியவர்களுக்கும், பெயரில் எழுத்துப் பிழை உள்ளவர்களுக்கும் படிவம் 8. உங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம், இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் போடலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். 2025 நவம்பரில், வாக்காளர் பட்டியலை முழுதாகச் சரிபார்க்கும் சிறப்பு தீவிரத் திருத்தம் தொடங்கியது நினைவிருக்கும். "போன தடவை ஓட்டுப் போட்டேனே" என்று அதற்கப்புறம் சும்மா இருக்க முடியாது. பெயரை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது, வார்டும் சரியாக இருக்க வேண்டும். ஒரு அம்மா, கையில் மஞ்சள் பை, பக்கத்தில் பேரன். அவர் வீட்டுக்காரர் பெயர் எங்கள் சாவடியில் இருந்தது. அந்த அம்மாவின் பெயர் ஊரின் மறுகோடியில் வேறு வார்டில் இருந்தது. அங்கே போய்விட்டு, வரிசை பெரிதென்று திரும்பி எங்களிடமே வந்தார். "ஒரே வீடு, ஒரே அடுப்பு, எப்படிய்யா ரெண்டு வார்டு?" என்று கேட்டார். அன்றைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வார்டுப் பட்டியல் வெளியாகும்போதே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ நகராட்சி அலுவலகத்திலோ பார்த்துச் சொல்லியிருந்தால் திருத்தியிருக்கலாம்.

அப்புறம் சீட்டு. நகரத்தில் இருப்பவர்களுக்குச் சுலபம். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்ததுபோல, இயந்திரத்தில் வார்டு கவுன்சிலருக்கு ஒரே ஒரு ஓட்டு. மேயரையும் நகராட்சித் தலைவரையும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள். கிராமத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு ஓட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு. ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் இன்னொரு வார்டுக்கு நீலம். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். வார்டு உறுப்பினர், தலைவர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ மாதிரிச் சின்னங்கள்தான் இருக்கும். இலையையும் சூரியனையும் தேடி அந்தச் சீட்டை மேலும் கீழும் பார்த்துத் திகைத்தவர்கள் எத்தனையோ பேர். நம் வேட்பாளரின் சின்னம் எது என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டு வாருங்கள்.

முத்திரையை ஒரு சின்னத்தின் மேல், ஒரே ஒருமுறை குத்துங்கள். இரண்டு கட்டத்துக்கும் நடுவே கோட்டில் விழுந்தால் யாருக்குப் போட்டீர்கள் என்று தெரியாது. கைநாட்டு வைக்கக் கூடாது, கையெழுத்தும் போடக் கூடாது. மடிக்கும்போது முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே. சீட்டைக் கொடுக்கும்போது நாங்களே ஒருமுறை மடித்து விரித்துத்தான் கொடுப்போம். அந்தத் தடத்திலேயே மடித்தால் போதும். மாற்றி மடித்தால் ஈர மை எதிரே உள்ள சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும். முத்திரையின் கைகள் ஒரு பக்கமாகத் திரும்பியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மடிப்பில் ஒட்டிய மை கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்ப்பக்கம் திரும்பித் தெரியும். அதை வைத்துத்தான் எது குத்தியது, எது ஒட்டியது என்று கண்டுபிடிப்போம். மங்கலாக ஒட்டியிருந்தால் வேட்பாளர்களின் ஏஜெண்டுகளுக்குள் சண்டை தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விடுகிறார்கள், "ஊர் ஒற்றுமைக்காக" என்று. ஏலம் கேட்கப் பணம் இல்லாதவருக்கு அந்த ஊரில் ஓட்டே இல்லை என்றுதானே அர்த்தம்? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தலை ஒழுங்காக நடத்தவே முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. அந்த ஊர்களின் ஏழை ஜனம் பத்து வருடம் காத்திருந்து போட்ட ஓட்டு அது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போனபோது, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று என் ஊரிலேயே கேட்டார்கள்.

கடைசியாக ஒரு எண்ணிக்கை நாள். பெட்டியைக் கவிழ்த்து, நிறம் நிறமாகப் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டு கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஒரு ஓட்டு வித்தியாசம். மறுபடி எண்ணியும் அதே ஒன்று. செல்லாதவை என்று ஒதுக்கிய கட்டில் ஒரு இளஞ்சிவப்புச் சீட்டு. முன்பக்கம் சுத்தமாக இருந்தது. முத்திரையைப் பின்பக்கத்தில், நடுவில், அழுத்தமாக, கொஞ்சம்கூடக் கலங்காமல் குத்தியிருந்தார்கள். மடிப்பும் அத்தனை நேர்த்தி. தோற்றவர் அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

வணக்கம்.