முதுகில் போடும் ஊசி எவ்வளவு கேட்கும்?

வணக்கம். வலியில்லாப் பிரசவம் என்று போர்டு வைத்திருக்கிற மருத்துவமனைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அங்கே போடுவது பெரும்பாலும் எபிடூரல்தான். மயக்க மருந்து டாக்டராக அதைப் போடுகிறவள் நான், அதனால் அது எவ்வளவு தூரம் வேலை செய்யும், எங்கே சொதப்பும் என்று ஒளிக்காமல் பேசிவிடலாம்.

பிரசவ வலியைக் குறைக்க இன்று இருக்கிற வழிகளில் இதை மிஞ்சியது எதுவும் இல்லை. கீழ்முதுகில், தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறைக்கு வெளியே ஒரு மெல்லிய குழாயை வைத்து, அது வழியாக மரத்துப்போகிற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். பிரசவிக்கிற பெண் முழு நினைவோடு பேசிக்கொண்டிருப்பார். வலி அடங்க 20 நிமிடம் போல ஆகும்.

ஆனால் எல்லோருக்கும் முழுசாகக் கேட்பதில்லை. பிரிட்டனில் மகப்பேறு மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் கர்ப்பிணிகளிடம் வெளிப்படையாகவே சொல்கிறது: எபிடூரல் போட்ட 8 பேரில் ஒருவருக்கு அது போதாமல் வேறு வழியும் தேடவேண்டி வரும். குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் இடது பக்கம் மரத்து, வலது பக்கம் அப்படியே வலிக்கும். இன்னொன்று, கருப்பை வாய் திறக்கிற நேரத்து வலியைக் கடத்தும் நரம்புகள் வேறு, குழந்தையின் தலை இறங்கும்போது வலியைக் கடத்தும் நரம்புகள் வேறு, இரண்டாவது வகை இன்னும் கீழே இருப்பவை. அதனால் ஐந்து மணி நேரம் நிம்மதியாக இருந்தவருக்குக் கடைசியில் திடீரென்று வலி தெரிய ஆரம்பிக்கலாம். இதையெல்லாம் பெரும்பாலும் சரி செய்யலாம். குழாயைக் கொஞ்சம் வெளியே இழுப்போம், மருந்தைக் கூட்டுவோம், முடியாவிட்டால் புதிதாகவே போடுவோம். அதற்கு நீங்கள் வாயைத் திறந்து சொல்லவேண்டும். "எல்லாருக்கும் இப்படித்தான், பொறுத்துக்கோம்மா" என்று பக்கத்தில் யார் சொன்னாலும் சரி, டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். விக்டோரியா மகாராணியே 1853இல் தன் எட்டாவது பிரசவத்துக்கு ஜான் ஸ்னோ என்ற மருத்துவரை வரவழைத்துக் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டவர்தான், பொறுத்துக்கொண்டிருக்கவில்லை.

அப்புறம் இந்த சிசேரியன் பயம். எபிடூரல் போட்டால் ஆபரேஷனில்தான் முடியும், காலத்துக்கும் முதுகு வலிக்கும் என்பார்கள். இரண்டுமே ஆய்வுகளில் நிற்கவில்லை. குழந்தையை ஆயுதம் போட்டு எடுப்பது பழைய ஆய்வுகளில் கூடுதலாக இருந்தது உண்மை, 2005க்குப் பிறகு வந்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. நிஜமான தொந்தரவுகள் வேறு: ரத்த அழுத்தம் இறங்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும், அரிப்பு இருக்கும்.

சரி, எபிடூரலே கிடைக்காத இடத்தில்? நம் ஊரில் இதுதான் பெரிய கேள்வி. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். ராத்திரியில் ஒரே ஒரு மயக்க மருந்து டாக்டர் இருந்தால் அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள்தான் நிற்பார், பிரசவ அறைக்கு எப்படி வருவார்? அப்போது பெத்திடின், டிராமடால் மாதிரி வலி ஊசிதான். என் கணிப்பில் இவை வலியைக் குறைப்பதைவிடத் தூக்கத்தையும் குமட்டலையும்தான் அதிகம் தரும். பெத்திடினைக் குழந்தை பிறக்கப்போகிற நேரத்தில் கொடுத்தால் குழந்தையும் மந்தமாக இருக்கும். சில இடங்களில் நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிப் பாதி கலந்த வாயு இருக்கும். வலி உச்சத்துக்குப் போனபின் இழுத்தால் பிரயோஜனம் இல்லை, வலி கிளம்பும்போதே மூச்சை இழுக்கவேண்டும். கூடவே அம்மாவோ அக்காவோ கணவரோ ஒருவர் கடைசிவரை இருந்தால் வலி மருந்தின் தேவையே குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன, இதற்குச் செலவும் இல்லை.

ஏழாம் மாதச் செக்கப்பிலேயே கேட்டுவையுங்கள்: நடுராத்திரி வந்தால் எபிடூரல் போட ஆள் இருப்பாரா, தனிக் கட்டணம் எவ்வளவு, கூட ஒருவரை உள்ளே விடுவீர்களா? ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், முதுகில் ஆபரேஷன் ஆனவர்களும் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போனபிறகு, எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து, படுத்தால் அடங்குகிற தலைவலி வந்தால், அது நூற்றில் ஒருவருக்கு வரக்கூடியது, அதற்கு வைத்தியம் உண்டு, ஊசி போட்ட மருத்துவமனைக்கே போன் செய்யுங்கள்.