கறுப்பு ஸ்லைடு

நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணால் பார்க்க வேண்டிய ஒன்றைக் காதுக்குச் சொல்லும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். ஆகவே முதலில் ஒரு படத்தை வாயாலேயே வரைந்துவிடுகிறேன். கன்னங்கரிய பின்னணி. நடுவில் நீலமாக ஒரு முட்டை. அது செல்லின் உட்கரு. அதன் பக்கத்திலிருந்து கிளம்பி, செல்லின் விளிம்பு வரை வளைந்து வளைந்து ஓடும் பச்சை நூல்கள். அவற்றுக்குக் குறுக்கே, கூடாரத்தை இழுத்துக் கட்டிய கயிறுகளைப் போல விறைப்பான சிவப்புக் கோடுகள். உயிரியல் புத்தகங்களின் அட்டையில் பலர் பார்த்திருப்பீர்கள். அழகான படம். அந்த அழகை நம்பி நான் ஒருமுறை ஏமாந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த நூல்களும் கயிறுகளும்தான் செல்லின் சட்டகம். பந்தலுக்குக் காலும் வாரையும் எப்படியோ அப்படி. பந்தலைப் போலவே இதையும் தேவைக்கேற்பப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது செல். பச்சை நூல், டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல். பருமன் 25 நானோமீட்டர். சிவப்புக் கயிறு ஆக்டின் இழைகளின் கட்டு. ஓர் இழை 7 நானோமீட்டர்தான். இரண்டுக்கும் நடுவே, 10 நானோமீட்டர் பருமனில் இன்னொரு குடும்பமும் உண்டு. நம் தலைமுடியை மூவாயிரம் கூறாக வகிர்ந்தால் ஒரு கூறு நுண்குழலின் பருமனுக்கு வரும். போதாக்குறைக்கு இவை எதற்கும் நிறமே கிடையாது. ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் நெருக்கியடித்து நிற்கும் செல்லுக்குள் இந்த ஒன்றை மட்டும் எப்படி அடையாளம் காண்பது?

வழி காட்டியவர் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர். 1939ஆம் ஆண்டுக் கோடையில் பெர்லினில் இருந்தபோது, ரூமாட்டிக் ஃபீவர் என்ற முடக்குக் காய்ச்சலில் இதயத்தில் தோன்றும் புண்களுக்குள் கிருமியின் பொருள் உண்மையிலேயே இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கிருமியைத் தேடிப் பிடிக்க உடம்பே ஆன்டிபாடி செய்கிறதே, அதன்மேல் ஒளிரும் சாயத்தை ஏற்றிவிட்டால் என்ன? கோவிட் காலத்துக்குப் பிறகு ஆன்டிபாடி என்ற சொல்லை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹார்வர்டில் வேதியியலாளர்களுடன் சேர்ந்து 1941இல் அவர் அதைச் செய்துகாட்டினார். முதலில் ஏற்றியது நீலமாக ஒளிரும் சாயம். திசுவே புற ஊதா ஒளியில் இலேசாக நீலம் காட்டும். சாயம் எது, திசு எது என்று பிரிக்க முடியவில்லை. அடுத்து ஃபுளோரசினுக்கு மாறினார்; பச்சை பளிச்சென்று தெரிந்தது. கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கக் கண் மருத்துவர் இடும் மஞ்சள் சாயம் இருக்கிறதே, அதே ஃபுளோரசின்தான்.

கூன்ஸ் தேடியவை கிருமிகள், உடம்புக்கு அந்நியமானவை. செல்லின் சொந்தப் புரதத்தைத் தேட முனைந்தபோது வேறொரு முட்டுக்கட்டை வந்தது. ஆன்டிபாடி வேண்டுமென்றால் அந்தப் புரதத்தை ஒரு முயலுக்கு ஊசி மூலம் செலுத்தி, முயலின் உடம்பு அதை எதிர்க்கக் காத்திருக்க வேண்டும். ஆனால் ஆக்டினோ, எலிக்கும் முயலுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றே. தன் வீட்டுப் பிள்ளையை முயல் எதற்காக எதிர்க்கும்?

1974இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் எலியாஸ் லாசரிடெஸ், கிளவுஸ் வெபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சாதித்தார்கள். எலிச் செல்களிலிருந்து எடுத்த ஆக்டினை எஸ்.டி.எஸ். என்ற சலவைப் பொருளில் குலைத்து, அந்தக் குலைந்த வடிவத்தையே முயலுக்குக் கொடுத்தார்கள். நம் பற்பசையில் நுரைக்காகச் சேர்ப்பதும் அந்தப் பொருள்தான். உருக்குலைந்த ஆக்டினை முயல் அந்நியம் என்று எடுத்துக்கொண்டது. அதன் இரத்தத்தில் கிடைத்த ஆன்டிபாடி, குலையாத ஆக்டினையும் அடையாளம் கண்டது. அதுவரை தசைக்கு உரியது என்றே பெரிதும் பேசப்பட்ட ஆக்டின், தசையல்லாத சாதாரணச் செல்லிலும் நீளநீளக் கயிறுகளாக ஓடுவது ஒரே பார்வையில் தெரிந்தது. மின்னணு நுண்ணோக்கி அதற்கு முன்பே இழைகளைக் காட்டியிருந்தது, ஆனால் மெல்லிய சீவல்களில், துண்டு துண்டாக. முழுச் செல்லையும் விரித்துக் காட்டியவை இந்தப் படங்கள்.

இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. சாயம் முயலின் ஆன்டிபாடியில் இருப்பதில்லை. முயலின் ஆன்டிபாடியை ஓர் ஆட்டுக்குச் செலுத்தி, அதைப் பிடிக்கும் ஆட்டு ஆன்டிபாடியை வாங்கி, அதில்தான் சாயத்தை ஏற்றுவார்கள். முயல் ஒன்றைப் பல ஆடுகள் பிடித்துக்கொள்ளும், வெளிச்சம் பெருகும். ஒரே ஆட்டைக் கொண்டு எந்த முயலையும் காட்டலாம், செலவும் மிச்சம்.

அடுத்த ஆண்டு வெபரும் அவருடைய கூட்டாளிகளும் டியூபுலினுக்கும் ஆன்டிபாடி செய்தார்கள். புரதம் கிடைத்த இடம், கடல்முள்ளெலி என்ற முட்கள் நிறைந்த கடல் உயிரியின் விந்தணு வால். ஒளிர்ந்த வலை நுண்குழல்தான் என்று எப்படி உறுதிசெய்வது? கொல்கிசின் கொடுத்துப் பார்த்தார்கள். நுண்குழலைக் குலைக்கும் நஞ்சு அது. வலை மறைந்தது. நம் மாநில மலரான செங்காந்தளில் இருப்பதும் இந்தக் கொல்கிசின்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு விதையை விற்கிறார்களே, அதன் விலை இந்தச் சரக்குக்காகத்தான். கிழங்கைத் தின்றவர் உயிருக்கே ஏன் ஆபத்து என்பதற்கு அந்த மறைந்த வலையே பாதி விளக்கம். நுண்குழல் இல்லாமல் செல் இரண்டாகப் பிரிய முடியாது.

10 நானோமீட்டர் பருமனுள்ள அந்த நடுத்தரக் குடும்பத்தை மறந்துவிட வேண்டாம். கெரட்டின், டெஸ்மின், விமென்டின் என்று திசுவுக்குத் திசு வேறுபடும் இழைகள் அவை. புற்றுநோய்க் கட்டி எந்தத் திசுவில் பிறந்தது என்று குழம்பும் நோயியல் மருத்துவர் இவற்றுக்கான ஆன்டிபாடிகளைத்தான் நாடுகிறார். மருத்துவமனையில் பெரும்பாலும் ஒளிரும் சாயத்துக்குப் பதில் பழுப்பு நிறம் தரும் நொதியை ஏற்றுகிறார்கள், வேலை ஒன்றே. உங்கள் வீட்டு பயாப்சி அறிக்கையில் சைட்டோகெரட்டின் பாசிட்டிவ் என்று இருந்தால், கட்டி தோல், குடல், சுரப்பி போன்ற மேற்பரப்புத் திசுவிலிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு தடயம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இந்தப் படங்களில் நாம் பார்ப்பது எதை? டியூபுலினைப் பிடித்த முயலை, முயலைப் பிடித்த ஆட்டை, ஆட்டின் முதுகில் ஏறிய சாயத்தை. நடுவில் யாராவது தப்பான ஆளைப் பிடித்தாலும் வெளிச்சம் வரும். வெளிச்சத்துக்குப் பொய்யும் மெய்யும் ஒன்றுதான்.

ஆய்வு மாணவனாகச் சேர்ந்த புதிது. ஃபார்மால்டிஹைடில் செல்களை அசையாமல் நிறுத்தி, சவ்வில் துளையிட்டு, முயல் ஆன்டிபாடியை இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் கழுவி, ஆட்டு ஆன்டிபாடி போட்டு, இருட்டறையில் நுண்ணோக்கிமுன் உட்கார்ந்தேன். செல் முழுக்கப் பச்சை. உட்கருகூட ஜொலித்தது. ஆனந்தத்தில் நாற்பது படம் எடுத்தேன். மூத்த மாணவியை எல்லோரும் அக்கா என்போம். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "முயல் ஆன்டிபாடி போடாத ஸ்லைடு எங்கே, தம்பி?" என்றார். அப்படி ஒன்றை நான் செய்யவே இல்லை.

மறுவாரம் செய்தேன். முயல் இல்லை, வெறும் ஆடுதான். அதுவும் அதே பச்சை! முயலைக் காணாத ஆடு கண்ட இடத்தில் எல்லாம் மேய்ந்திருக்கிறது. ஆன்டிபாடி கண்டபடி ஒட்டிக்கொள்ளும் இடங்களை மாட்டு அல்புமின் என்ற புரதம் கொண்டு முன்கூட்டி அடைக்கும் ஒரு மணி நேரத்தை நேரம் மிச்சம் என்று நான் விட்டிருந்தேன். நாற்பது படங்களையும் அழித்தேன்.

மூன்றாம் முறை அல்புமினில் ஊறவைத்து, பொறுமையாகக் கழுவினேன். முயல் போடாத ஸ்லைடை முதலில் வைத்தேன். கறுப்பு. கேமராவின் நேரத்தைக் கூட்டினேன், கறுப்பு. விளக்கு எரிகிறதா என்று சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தேன், எரிந்துகொண்டிருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். "இதை முதலில் படம் எடுத்து வை," என்றார். எடுத்தேன். பிறகுதான் அடுத்த ஸ்லைடை வைத்தேன்.