டம்ளர் எப்படி நிமிர்ந்து நின்றது

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் உட்கார்ந்ததும் எனக்குத் தண்ணீர் வைத்தார்கள். கண்ணாடி டம்ளர். உடைத்துவிடுவேனோ என்ற பயத்தில், "எவர்சில்வர் டம்ளர் இல்லையா?" என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. ஆங்கிலேயருக்கு டம்ளர் என்றால் பெரும்பாலும் கண்ணாடிதான். காம்பும் கைப்பிடியும் இல்லாத குவளை.

ஆங்கிலத்தில் 'டம்பிள்' என்றால் உருண்டு விழுவது, கரணம் அடிப்பது; டம்ளர் அதிலிருந்து வந்தது. டம்ளர் என்ற பெயர் முதலில் ஆளுக்குத்தான் இருந்தது, குட்டிக்கரணம் போட்டுக் காட்டும் வித்தைக்காரருக்கு. 17ஆம் நூற்றாண்டில் அது பாத்திரத்துக்கு வந்தது. அன்றைய டம்ளருக்கு அடிப்பக்கம் உருண்டையாகவோ கூர்மையாகவோ இருக்கும். கீழே வைத்தால் கவிழ்ந்துவிடும். ஊற்றியதைக் குடித்து முடிக்காமல் கையை விட்டு இறக்க முடியாது. ஊற்றியது மோர் இல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

பறக்கும்போதே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும் புறாவும் டம்ளர்தான்; நம் புறாக்காரர்கள் அதைக் கர்ணப்புறா என்பார்கள். பூட்டுக்குள் சாவி தூக்கிவிடும் சின்னத் துண்டுக்கும் அதே பெயர். 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் காப்புரிமை வாங்கிய பூட்டில் அப்படி இரண்டு இருந்தன.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். இங்கே டம்ளர் பித்தளையானது, எவர்சில்வரானது. தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது என்பதால் சிலர் 'தம்ளர்' என்று எழுதினார்கள். எங்கள் பாட்டியின் டம்ளரில் அவர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். கொதிக்கும் காப்பியை அந்த மடிப்பில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, டபராவில் ஒரு ஆற்று ஆற்றினால் நுரை பொங்கும். உருண்டை அடி டம்ளரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா?

அப்புறம், நாம் இந்தச் சொல்லுக்குச் சேர்த்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரட்டை டம்ளர் முறை. டீக்கடையில் தலித்துகளுக்குத் தனி டம்ளர். குடித்தவரே கழுவித் தனியாக வைக்க வேண்டும். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்தது, 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. கடைப்பலகையில் அந்த இரண்டு டம்ளரும் அதற்குப் பிறகும் தனித்தனியாகத்தான் இருந்தன. பிறகு சில கடைகளில் ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருவருக்குத் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் கப் என்றானது. கேட்டால், "சுத்தத்துக்காக சார்" என்பார்கள்.