ஐந்து ஆண்டு என்று சொல்லித்தானே அழைத்தார்கள்?

[திரையில்: கிழக்கு லண்டன், குளிர்காலக் காலை ஆறரை மணி]

இன்னும் விடியவில்லை. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சின்னப் பெட்டி. நாலு எண்களை அழுத்தினால் திறக்கும், உள்ளே சாவி. வீட்டுக்குள் போய், தனியாக இருக்கும் பாட்டியை எழுப்பி, நனைந்த டயப்பரை மாற்றி, உடம்பைத் துடைத்து, மாத்திரை கொடுத்து, டீ போட்டு, எல்லாவற்றையும் போனில் பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் அரை மணி நேரம்தான்.

அக்கா 2022இல் திருச்சியிலிருந்து கேர் விசாவில், அதாவது முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்கான விசாவில் வந்தவர். ஐந்து ஆண்டில் நிரந்தரமாகத் தங்கக் கேட்கலாம் என்று அழைத்துவிட்டு, பிறகு அதைப் பதினைந்தாக்கும் திட்டத்தை அரசு முன்வைத்தது. அவராக வந்து கதவைத் தட்டவில்லை. எப்படி அழைக்கப்பட்டார் என்று முதலில் பார்ப்போம்.

[திரையில்: 2022]

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, ஐரோப்பாவிலிருந்து வேலைக்கு வருவது குறைந்தது. கோவிட் வேறு. 2021-22இல் இங்கிலாந்தில் மட்டும் பராமரிப்புத் துறையில் சுமார் 1,65,000 வேலைகள் ஆளில்லாமல் கிடந்தன. கூலி குறைவு, வேலை கடினம், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. அதனால் 2022 பிப்ரவரியில் போரிஸ் ஜான்சன் அரசு கேர் வேலைக்கும் விசாவைத் திறந்துவிட்டது. ஆண்டுக்கு 20,480 பவுண்டு சம்பளம் இருந்தால் போதும். குடும்பத்தையும் கூட்டி வரலாம். ஐந்து ஆண்டு வேலை செய்தால் ஐஎல்ஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கலாம்.

அப்புறம் எண்கள் ஏறின. வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் கிடைக்கும் கணக்கு 2023இல் 9 லட்சத்தைத் தாண்டியது. அரசியல் சூடானது. 2024 மார்ச்சில், கேர் வேலைக்கு வருபவர்கள் குடும்பத்தை அழைத்து வரக் கூடாது என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள்.

இதுவரை எனக்கு மறுப்பில்லை. வருத்தம் உண்டு, ஆனால் எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதை அந்த நாட்டு மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டு வாடகையையும் மருத்துவமனை வரிசையையும் பார்த்துப் பயப்படுகிறவர்களை எல்லாம் இனவெறியர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

[திரையில்: 5 → 10 → 15]

எனக்கு ஆற்றாமை வருவது இதற்கு அடுத்த கட்டத்தில். 2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பொதுவாக ஐந்து ஆண்டு பத்தாகும். கேர் வேலை போன்றவற்றுக்குப் பதினைந்து. புதிதாக வருபவர்களுக்கு மட்டும் அல்ல, ஏற்கெனவே இங்கே இருந்து இன்னும் ஐஎல்ஆர் வாங்காதவர்களுக்கும்தான்.

அரசின் வாதம் இது: 2026 முதல் 2030 வரை 16 லட்சம் பேர் நிரந்தர அனுமதி பெறக்கூடும், அது பொதுச் செலவில் வந்து விழும். நிரந்தரமாகத் தங்குவது உரிமை அல்ல, சலுகை என்கிறார் மஹ்மூத். சரி, சலுகை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சலுகைக்கும் நிபந்தனை சொல்லித்தானே அழைத்தீர்கள்? அந்த நிபந்தனையை நம்பி வீட்டை விற்று வந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, இங்கே இருப்பவர்களின் காத்திருப்பை நீட்டினால் வருகிறவர்களின் எண்ணிக்கை குறையுமா? அது ஏற்கெனவே குறைந்துவிட்டது. 2025 ஜூனோடு முடிந்த ஆண்டில், வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்த கணக்கு சுமார் 2 லட்சம்தான்.

காத்திருப்பு என்பது சும்மா உட்கார்ந்திருப்பதும் அல்ல. விசா முதலாளியோடு கட்டப்பட்டது. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை கேர் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டு ஆட்களை விசாவில் வேலைக்கு வைக்கும் உரிமம், பறிக்கப்பட்டது. அவற்றோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000க்கும் மேல். தப்பு செய்தது நிறுவனம், 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் தேடி அலைவது தொழிலாளி. அந்தப் பயத்திலேயே கூலி பாக்கியைக் கூடக் கேட்காதவர்கள் உண்டு. இதைப் பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் யாருக்கு லாபம்?

இது முன்பும் நடந்திருக்கிறது. உயர்திறன் விசாவில் வந்தவர்களுக்கு நான்கு ஆண்டு என்றிருந்ததை 2006இல் ஐந்தாக்கினார்கள், ஏற்கெனவே வந்தவர்களுக்கும் சேர்த்து. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2009இல் உயர் நீதிமன்றம் அவர்களுக்குப் பழைய நான்கு ஆண்டுதான் என்று தீர்ப்பளித்தது. நான் கேட்பதும் இவ்வளவுதான். புதிய விதியைப் புதிதாக வருகிறவர்களுக்கு வையுங்கள். சொல்லி அழைத்தவர்களுக்குச் சொன்னபடி செய்யுங்கள்.

[திரையில்: சமையலறை மேசை, தடித்த ஃபைல்]

அக்காவின் மகனுக்கு 2027இல் பதினெட்டு வயதாகும். அம்மாவின் ஐந்து ஆண்டும் அதே வருடம்தான் முடிகிறது. குடும்பத்துக்கு ஐஎல்ஆர் இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் அவன் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். கேர் சம்பளத்தில் அது முடியாத காரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். “இன்னும் எதுக்குக்கா இதெல்லாம்?” என்றேன். “அஞ்சோ பதினஞ்சோ, கேக்கும்போது கையில இருக்கணும்ல” என்றார்.