எழுதியவர் போன பிறகு அடுத்த பாகத்தை யார் எழுதுவது?

[திரையில்: மருந்துவாழ் மலை. கீழே பொற்றையடிச் சாலை, வாழைத்தோட்டம்.]

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் வழியில் இந்த மலையைப் பார்க்காமல் யாரும் போக முடியாது. லட்சுமணனைப் பிழைக்க வைக்க அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது அதில் இருந்து உதிர்ந்த துண்டுதான் இது என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். வால்மீகியும் கம்பனும் எழுதாத வரி இது. நம்ம ஊர்க்காரர்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது. யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் வழக்குப் போடவும் இல்லை.

சரி, அச்சடித்த புத்தகத்துக்கு இதையே செய்தால்? உலகம் முழுக்கக் குழந்தைகள் படித்த ஒரு மாயக்கதைத் தொடர் இருக்கிறது. எழுதியவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றைய சிறுவர் எழுத்தாளர் ஒருவர் அதற்கு அடுத்த பாகம் எழுதுகிறார். யார் கொடுத்த உரிமையில்? அதைவிட முக்கியம், அது தேறுமா?

[திரையில்: பழைய அமெரிக்கப் புத்தக அட்டைகள்.]

இது புதுப் பழக்கம் இல்லை. ஓஸ் என்ற மாய நாட்டை உருவாக்கிய எல். ஃபிராங்க் பாம் 1919-ல் இறந்தார். அவர் எழுதிய ஓஸ் கதைகள் 14. பதிப்பகத்துக்கோ வருஷத்துக்கு ஒரு ஓஸ் புத்தகம் போட்டுப் பழகிவிட்டது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு செய்தித்தாளின் சிறுவர் பக்கத்தைக் கவனித்துவந்த ரூத் பிளம்லி தாம்சனைப் பிடித்தார்கள். 1921-ல் வந்த அவருடைய முதல் ஓஸ் புத்தகத்தின் அட்டையில் பெரிதாக இருந்தது பாமின் பெயர்தான். பாம் விட்டுப்போன குறிப்புகளை இவர் விரித்து எழுதினார் என்பது போல ஒரு பாவனை. உண்மையில் முழுதும் தாம்சன் எழுதியது. பிறகு 1939 வரை அவர் எழுதிக் குவித்தது மொத்தம் 19. படைத்தவரைவிட ஐந்து அதிகம். அந்த முதல் அட்டை மட்டும் எனக்கு இன்றும் உறுத்தும். இறந்தவர் பெயரில் இன்னொருவர் உழைப்பை விற்பதற்கு வேறு பெயர் உண்டு.

வளரவே மறுக்கும் பையன் பீட்டர் பான் விஷயம் வேறு மாதிரி. ஜே.எம். பாரி 1929-ல் அந்தக் கதையின் உரிமையை லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் இறந்தது 1937-ல். எழுதியவர் இறந்து 70 வருஷம் என்ற கணக்குப்படி ஐரோப்பாவில் உரிமை 2007-ஓடு தீரும். அதற்குள் மருத்துவமனை ஒரு போட்டி வைத்தது. மாதிரி அத்தியாயமும் கதைச்சுருக்கமும் அனுப்புங்கள், ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றது. ஜெரால்டின் மெக்காக்ரன் வந்தார். 2006-ல் ‘பீட்டர் பான் இன் ஸ்கார்லெட்’ வெளிவந்தது. உரிமை கைவிட்டுப் போவதற்குள் புதிதாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பணம் போகிறதென்றால் யார் குறை சொல்லப்போகிறார்கள்!

ஆனால் மெக்காக்ரன் அதைக் கணக்குக்காக எழுதவில்லை என்பது படித்தால் தெரியும். பழைய கதையின் பையன்கள் எல்லாரும் வளர்ந்து பெரிய ஆட்களாகிவிட்டார்கள். மாயத் தீவுக்குத் திரும்ப வேண்டுமானால் மறுபடி குழந்தையாக வேண்டும். எப்படி? தங்கள் பிள்ளைகளின் உடுப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், சின்னவர்களாகிவிடுகிறார்கள். அதே விதி பின்னால் பீட்டரைக் கடிக்கிறது. தன் எதிரியான கடற்கொள்ளைக்காரன் கேப்டன் ஹூக்கின் கோட்டை எடுத்து மாட்டியவன் கொஞ்சம் கொஞ்சமாக ஹூக் மாதிரியே ஆகிறான். உடுப்பு ஆளை மாற்றும் என்ற ஒரே விதியில் கதை முழுதும் ஓடுகிறது. பாரியின் உலகத்தில் அந்த விதி கிடையாது. ஆனாலும் அங்கே முளைத்தது போலவே இருக்கிறது.

[திரையில்: காலண்டர். 1963-ல் வட்டம்.]

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தக்கலைப் பக்கம் ஒரு நூலகத்தில் கதை சொல்லப் போனபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “மாமா, நார்னியாக்கு அடுத்த கதைய நான் எழுதுனா போலீஸ் புடிக்குமா?”

பிடிக்காது மக்களே. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்ததற்கு அடுத்த ஜனவரியில் தொடங்கி 60 வருஷம் உரிமை இருக்கும். நார்னியா என்ற மாய நாட்டுக் கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ் இறந்தது 1963 நவம்பரில். ஆகவே 2023 டிசம்பரோடு இங்கே அது முடிந்தது. இங்கிலாந்தில் 70 வருஷம், அதாவது 2033 முடிய. ஃபிரான்சிஸ் ஸ்பஃபர்டு என்ற ஆங்கில எழுத்தாளர் அனுமதி இல்லாமல் ஒரு நார்னியா நாவலை எழுதிவிட்டு, 75 பிரதி மட்டும் அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்ததோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. லண்டனில் பரிசு வாங்கிய எழுத்தாளருக்கு முடியாதது தக்கலையில் எட்டாம் வகுப்புக்கு முடியும்! இதில் கவனம் வேண்டிய இடமும் உண்டு. படங்கள் வரைந்த பாலின் பெயின்ஸ் இறந்தது 2008-ல், அவர் படங்களைத் தொடக் கூடாது. கதையின் பெயர்களை வணிக முத்திரையாகப் பதிந்து வைத்திருப்பவர்களும் உண்டு. இணையத்தில் வெளிநாட்டுக்கு விற்கக் கிளம்பினால் அந்தந்த நாட்டுச் சட்டம் குறுக்கே வரும். இன்னொரு ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளரான எனிட் பிளைட்டனுக்கு இங்கே 2028 முடியும் வரை பொறுக்க வேண்டும்.

பிளைட்டன் பெயர் வந்ததால் ஒரு வரி. அவருடைய மாய மரத் தொடருக்கு 2022-ல் ஜாக்குலின் வில்சன் புதுப் புத்தகம் எழுதினார். மைலோ, மியா, பேர்டி என்று மூன்று புதுக் குழந்தைகள் அதே மரத்தில் ஏறுகிறார்கள். இதமான புத்தகம். ஆனால் பழைய வீட்டுக்குப் புது வெள்ளை அடித்ததற்கு மேல் அதில் நடக்கவில்லை என்பது என் எண்ணம்.

[திரையில்: மணற்குழி. உள்ளிருந்து இரண்டு கண்கள் எட்டிப்பார்க்கின்றன.]

நான் இந்த வீடியோவைச் செய்ததே அடுத்த புத்தகத்துக்காகத்தான். 1902-ல் ஈ. நெஸ்பிட் ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’ எழுதினார். மணலைத் தோண்டும் குழந்தைகளுக்கு ஒரு மணல்தேவதை அகப்படுகிறது. தேவதை என்றதும் இறக்கை, வெள்ளைப் பட்டு எல்லாம் நினைக்க வேண்டாம். நத்தை மாதிரி நீட்டி மடக்கும் கண், வவ்வால் காது, குரங்குக் கை, உடம்பெல்லாம் ரோமம், போதாததற்குச் சிடுமூஞ்சி. வரம் கொடுக்கும், சூரியன் மறைந்தால் வரமும் போய்விடும்.

கேட் சாண்டர்ஸ் என்ற எழுத்தாளர் ஒரு கணக்குப் போட்டார். 1902-ல் பிள்ளைகளாக இருந்த பையன்கள் 1914-ல் என்ன வயதில் இருப்பார்கள்? முதல் உலகப்போருக்குப் போகிற வயது. நெஸ்பிட்டுக்கு எழுதும்போது இது தெரிய வழியில்லை. சிரிக்கச் சிரிக்க எழுதிய அந்தப் பையன்கள் பதுங்குகுழிக்குப் போகப்போகிறவர்கள் என்று அவருக்கு யார் சொல்வது? சாண்டர்ஸ் 2014-ல் அதை ‘ஃபைவ் சில்ட்ரன் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ என்று எழுதினார். மூத்தவன் சிரில் போருக்குக் கிளம்புகிற நேரத்தில் தேவதை திரும்பி வருகிறது. வரம் கொடுக்கும் சக்தி போய்விட்டது. ஒரு காலத்தில் பாலைவனத்தில் தெய்வமாக இருந்து அது செய்த அட்டூழியங்களுக்கு இப்போது மனசு வருந்தியாக வேண்டும். அதுவோ, அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று சாதிக்கிறது. வீட்டில் ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பயந்து பார்க்கிறார்கள். அந்த ஆண்டின் கோஸ்டா சிறுவர் நூல் பரிசு இதற்குத்தான்.

நெஸ்பிட்டின் கேலி அப்படியே இருக்கிறது, தேவதையின் முறைப்பும் இருக்கிறது. மாறியது காலம் மட்டும். முதல் புத்தகத்தில் யாரும் பார்க்காமல் கிடந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அதன் வழியாக நுழைந்திருக்கிறார். அப்படி ஓட்டை அகப்படாதவர் அடுத்த பாகம் எழுத வேண்டாம் என்பேன்.

[திரையில்: அம்மன் கொடை, வில்லுப்பாட்டு மேடை. வீசுகோல் வில்லில் படுகிறது.]

வில்லுப்பாட்டு பாடும் நம்ம அண்ணாவிகளுக்கு இது பழக்கமான வேலை. தன்னைக் கொன்றவனைப் பேயாக வந்து பழிவாங்கும் கள்ளியங்காட்டு நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே அது பழையனூரில், திருவாலங்காட்டில் நடக்கும். நம்ம வில்லுப்பாட்டில் நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டுக்கு வந்துவிட்டது. கொலையும் பழிவாங்கலும் மாறாது, காடு மட்டும் நம்முடையது. பாட்டுக்கு நடுவே வசனத்தில் அண்ணாவி தன் கைச்சரக்கைச் சேர்ப்பார். மலையாளத்தில் அவளே யட்சியாகி, 2025-ல் ‘லோகா’ படத்தில் இந்தக் காலத்து சூப்பர் ஹீரோவாகவும் வந்துவிட்டாள். நீலிக்கு எத்தனையாவது பாகம் இது என்று யார் எண்ணுவது!

[திரையில்: மணவாளக்குறிச்சிக் கடற்கரை, கறுப்பு மணல்.]

நெஸ்பிட் இறந்தது 1924-ல். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். அவர் கதையில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, அதை நான் சொல்லித் தருகிறேன். மணல்தேவதைக்குத் தண்ணீர் ஆகாது. ஆதிகாலத்தில் குழந்தைகள் கடற்கரையில் மணல்கோட்டை கட்டி அகழி வெட்ட, தண்ணீர் புகுந்து, நனைந்து சளிப்பிடித்துச் செத்த தேவதைகள் ஏராளம் என்று அதுவே சொல்கிறது. மணவாளக்குறிச்சியில் இல்மனைட், மோனசைட் என்ற கனிமங்களுக்காக மணலை அள்ளுகிறார்கள். கடல் வேறு வருஷா வருஷம் கரையை அரிக்கிறது. இந்த மணலுக்கு அடியில் ஒன்று இவ்வளவு நாள் தூங்கிக்கொண்டிருந்தால்? அள்ளும்போது அது யார் கையில் அகப்படும்? முதல் வரமாக அந்தப் பிள்ளை என்ன கேட்கும்?

எழுதியவர்கள் முதல் அத்தியாயத்தைக் கீழே போடுங்கள். தேவதை மட்டும் நெஸ்பிட்டின் தேவதை மாதிரியே சிடுசிடுக்க வேண்டும், அதில் சலுகை கிடையாது.